ஜிம்முக்கு ஒரு தடவை போய்வர என்ன செலவாகிறது?

கொழும்பு வெள்ளவத்தையில் யாரிடமாவது "உடம்பைப் பார்த்துக்கொள்ள மாதம் எவ்வளவு செலவழிக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஜிம்முக்குப் போகிறவர் மாதக் கட்டணத்தைச் சொல்வார். போகாதவர் "ஒரு சதமும் இல்லை, நான் மரைன் டிரைவில் நடக்கிறேன்" என்பார். இரண்டும் பாதிக் கணக்குத்தான். முதலாமவர் கட்டிய பணத்தைச் சொல்கிறார், அதற்கு எத்தனை நாள் போனார் என்பதைச் சொல்லவில்லை. இரண்டாமவர் கால் சப்பாத்தை மறந்துவிட்டார்.

இந்தக் கணக்கை நேராக்கப் பொருளியலில் ஓர் எளிய வழி இருக்கிறது. ஒன்றுக்காகச் செலவான மொத்தப் பணத்தை, அதை உண்மையில் பயன்படுத்திய தடவைகளால் வகுக்க வேண்டும். வருவதுதான் ஒரு தடவைக்கான செலவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வகுத்தல்தான் இது. ஆனால் உடற்பயிற்சி விடயத்தில் நாம் அதைச் செய்வதே இல்லை. விடை நமக்குப் பிடிக்காது என்பது அதற்கு ஒரு காரணம். இந்தச் செலவு ஓரிடத்தில் இல்லாமல் பல இடங்களில் சிதறிக் கிடப்பது இன்னொரு காரணம்.

வீட்டுச் செலவுகளை வகைப்படுத்த ஐக்கிய நாடுகள் சபை வகுத்த ஒரு முறை உண்டு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணும் அந்தப் பிரிவுகளைத்தான் பின்பற்றுகிறது. அதன்படி ஜிம் கட்டணம் பொழுதுபோக்கு, பண்பாடு என்ற பிரிவில் போய்ச் சேரும். நடைச் சப்பாத்து ஆடை, காலணிப் பிரிவுக்குப் போகும். முச்சக்கர வண்டிக் காசு போக்குவரத்தில், பழமும் மரக்கறியும் உணவில் சேரும். சுகாதாரம் என்ற பிரிவில் வைத்தியர் கட்டணம், மருந்து, பரிசோதனை ஆகியவைதான் இருக்கும். அதாவது புள்ளிவிபரத்தில் "சுகாதாரச் செலவு" என்று வருவதில் பெரும்பகுதி நோய்க்கான செலவு. நோய் வராமல் இருக்க நாம் கொடுத்த பணம் சினிமா டிக்கெட்டோடு சேர்ந்து இருக்கிறது. மக்கள் ஆரோக்கியத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடைக்காமல் போவது இதனால்தான். உங்கள் வீட்டு எண்ணை நீங்களே கூட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஜிம்மின் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் மாதம் கட்டினால் 8,000 ரூபா. ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 60,000 ரூபா. கருமபீடத்தில் இருப்பவர் உடனே சொல்வார்: "மாதத்துக்கு 5,000தான் வருகிறது, 36,000 ரூபா மிச்சம்." அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த மிச்சம் பன்னிரண்டு மாதமும் போகிறவருக்கு மட்டும் உரியது.

சேருகிற நம் ஆள் தை மாத உற்சாகத்தில் 12 நாட்கள் போகிறார். அடுத்த மாதம் 10. மார்ச்சில் 6. ஏப்ரலில் புத்தாண்டு, ஊர்ப் பயணம், விருந்து என்று 2 நாட்கள். மே மாதம் மழை, 3. ஜூனில் 2. ஜூலையில் ஒரே ஒரு நாள். அதன்பிறகு அங்கத்துவ அட்டை பணப்பைக்குள்ளேயே இருக்கிறது. மொத்தம் 36 நாட்கள். அறுபதாயிரத்தை 36 ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 1,667 ரூபா. இதே ஆள் மாதக் கட்டணமாக முதல் மூன்று மாதங்கள் மட்டும் கட்டிவிட்டு நின்றிருந்தால் 24,000 ரூபாவுக்கு 28 நாட்கள், ஒரு தடவைக்கு 857 ரூபா. மலிவு என்று வாங்கியது ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையில் முடிந்திருக்கிறது. மாதம் 12 நாட்கள் தவறாமல் போகிறவருக்கோ அதே ஆண்டுக் கட்டணம் ஒரு தடவைக்கு 417 ரூபாதான். ஜிம் ஒன்று, கட்டணமும் ஒன்று, விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

இது கொழும்பு மக்களுக்கு மட்டுமான பலவீனம் அல்ல. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்க மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களில் 7,752 அங்கத்தவர்களின் வருகைப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்து ஆராய்ந்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாதம் 70 டொலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டொலருக்கு மேல் விழுந்தது. பத்துத் தடவைக்கான சீட்டை அதே நிலையங்களில் வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டொலர்தான். அதைவிடச் சுவையான ஒரு விபரமும் அதில் உண்டு. போவதை நிறுத்திய பிறகும், அங்கத்துவத்தை இரத்துச் செய்வதற்குச் சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் காசு போய்க்கொண்டே இருந்தது. "அடுத்த திங்கள் தொடங்குகிறேன்" என்பது எல்லா நாட்டிலும் ஒரே விலைக்குத்தான் விற்கிறது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லா அங்கத்தவரும் மாலை ஆறு மணிக்கு ஒன்றாக வந்து நின்றால் எந்த ஜிம்மிலும் நிற்க இடம் இருக்காது. வராதவர்கள் கட்டுகிற பணத்தில்தான் வருகிறவர்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை வருகைப் பதிவு சொல்லும். இப்போது பல நிலையங்களில் கைவிரல் அடையாளம் வைத்துத்தான் உள்ளே போகிறோம், கேட்டால் பதிவை எடுத்துக் காட்டுவார்கள். புதுப்பிப்பதற்கு முன் அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் மாதம் மாதம் கட்டுவதுதான் புத்தியா? புதிதாகத் தொடங்குபவருக்கு ஆம் என்பேன். காரணம் கணக்கு மட்டும் அல்ல. ஜோன் கூர்வில், திலிப் சோமன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க உடற்பயிற்சி நிலையம் ஒன்றைப் பார்த்தபோது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டுபவர்கள் கட்டிய கையோடு அடிக்கடி வந்ததையும், நாட்கள் போகப் போக வருகை தேய்ந்ததையும், அடுத்த தவணை கட்டியதும் மறுபடி ஏறியதையும் கண்டார்கள். பணம் கையை விட்டுப் போன வலி ஆறுவதற்குள்தான் நாம் ஒழுங்காகப் போகிறோம். மாதக் கட்டணம் அந்த வலியை மாதா மாதம் புதுப்பிக்கிறது. ஆறு மாதம் ஒழுங்காகப் போய்ப் பழகிய பின் ஆண்டுக் கட்டணத்துக்கு மாறினால் அந்தத் தள்ளுபடி உண்மையாகவே உங்களுடையது.

வலியைப் பற்றிச் சொன்னதால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "காசு கட்டிவிட்டேனே" என்று முழங்கால் வீங்கியிருக்கும்போது ஜிம்முக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஜிம்முக்குப் போனாலும் கட்டிய பணம் திரும்பி வராது, வீட்டில் இருந்தாலும் வராது. பொருளியலில் இதை மூழ்கிய செலவு என்பார்கள். இன்று போவதா வேண்டாமா என்பதை இன்றைய உடம்பும் இன்றைய நேரமும் தீர்மானிக்கட்டும்.

கட்டணத்தைப் பேசும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: சொன்ன தொகை பெறுமதி சேர் வரியோடா, இல்லாமலா? 2024 ஜனவரி முதல் அந்த வரி 18 சதவீதம். அறுபதாயிரம் என்று சொன்னது வரி சேர்ந்ததும் 70,800 ஆகிவிடும். பயிற்றுநருக்குத் தனிக் கட்டணமா, வெளியூர் போனால் அங்கத்துவத்தை இடைநிறுத்தி வைக்கலாமா என்பவையும் சேர்கிற அன்றே கேட்க வேண்டியவை.

இனி வழிச் செலவு. கணக்கில் பெரும்பாலானோர் விடுவது இதைத்தான். மேலே சொன்ன 36 நாட்களுக்கும் முச்சக்கர வண்டியில் போக 300, வர 300 என்று வைத்தால் 21,600 ரூபா கூடுகிறது. ஒரு தடவைக்கான செலவு 2,267 ரூபாவுக்கு ஏறிவிடும். நேரமும் இருக்கிறது. மாலை ஐந்தரைக்குக் காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளைப் பக்கம் போகிறவருக்குத் தெரியும், வரைபடத்தில் அருகில் தெரிவதெல்லாம் அருகில் இல்லை. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் வீதியில் நின்றால் அந்தப் பயிற்சி இரண்டு மணி நேரம். ஜிம் தெரிவில் என் முதல் அளவுகோல் தூரம்தான். இயந்திரங்கள் பழையவையாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டிலிருந்தோ வேலைத்தலத்திலிருந்தோ நடந்து போகும் தூரத்தில் இருப்பதுதான் கடைசியில் மலிவாக முடியும். நடந்து போவதே பயிற்சியில் சேர்ந்துவிடுகிறது.

எவ்வளவு பயிற்சி தேவை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம், வகுப்பதற்கு அதுவும் வேண்டும். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையானது, அதோடு கிழமையில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுச் சேர்க்கும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. ஒரே தடவையில் குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அப்போது நீக்கிவிட்டார்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடந்தாலும் அது 150இல் சேரும். மாடிப்படி சேரும். வீடு கூட்டித் துடைப்பதும் சேரும், அதை யார் செய்கிறார்கள் என்பது வேறு பேச்சு.

நடைக்கு வருவோம். "நடப்பது இலவசம்" என்பது கொழும்பில் பெரும்பாலும் உண்மை. காலிமுகத்திடல், விஹாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிய பாதை, கடலையும் ரயில் பாதையையும் ஒட்டி ஓடும் மரைன் டிரைவ், மட்டக்குளிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காக்கைதீவுக் கடற்கரை என்று காசு கேட்காத இடங்கள் இருக்கின்றன. ஆனால் சப்பாத்து இலவசம் இல்லை. ஓடுவதற்கான சப்பாத்து ஐந்நூறு முதல் எண்ணூறு கிலோமீற்றர் வரை தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 18,000 ரூபாவுக்கு வாங்கியது 600 கிலோமீற்றர் வந்தால் கிலோமீற்றருக்கு 30 ரூபா. நாலு கிலோமீற்றர் நடைக்கு 120 ரூபா. நடப்பவருக்கு ஓடுபவரைவிடச் சப்பாத்து நீண்ட நாள் வரும் என்பதால் இதற்கும் கீழேதான் விழும். இருந்தாலும் பூச்சியம் இல்லை. 2022இல் ரூபா சரிந்தபோது இறக்குமதிச் சப்பாத்தின் விலை எங்கே போனது என்பது ஓடுகிறவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அதன்பிறகு பணவீக்கம் இறங்கியது, விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது மட்டுமே.

நடையின் உண்மையான விலை சப்பாத்தில் இல்லை, சூழலில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஆறு மணியளவில் உதித்து மாலை ஆறு, ஆறரைக்கு மறைகிற ஊர் இது. வேலைக்குப் போகிறவருக்கு வெயில் ஏறாத நேரம் இரண்டு முனையிலும் கொஞ்சம்தான். மே மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மழை எத்தனையோ மாலைகளை எடுத்துக்கொள்ளும். நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கும். இருட்டிய பின் ஒழுங்கைக்குள் தனியாக நடக்க ஓர் ஆண் யோசிக்காத அளவுக்கு ஒரு பெண் யோசிக்க வேண்டியிருக்கிறது. காலிமுகத்திடல் நடைபாதையை 1859இல் கட்டி முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களுக்குக் கல்வெட்டில் பரிந்துரைத்து வைத்தார். அந்தக் கல் இன்னும் அங்கே இருக்கிறது. ஆனால் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு, சமையலை முடித்துப் பிள்ளையை வகுப்பில் விட்டுக் காலிமுகத்திடலுக்குப் போய்வருவது இலவசமாகுமா? அவரைப் பொறுத்தவரை வீட்டுப் பக்கத்தில், பெண்களுக்கு நேரம் ஒதுக்கி, கதவு சாத்திய ஒரு சிறிய நிலையத்துக்குக் கொடுக்கும் மாதக் கட்டணம் வீண் செலவே இல்லை. "பூங்கா இருக்க ஜிம் எதற்கு?" என்று கேட்கும் கணவர் இந்த வகுத்தலை மனைவியின் நேரத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கட்டும்.

கூட்டாகச் செய்யும் பயிற்சிக்குக் கணக்கு வேறு மாதிரி ஓடும். பட்மின்டன் ஆடுகளம் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைக்கிறது. நாலு பேர் பிரித்தால் ஆளுக்குக் கால் பங்கு. ஒருவர் வராவிட்டால் மற்ற மூவருக்கும் விலை ஏறும், ஏசவும் செய்வார்கள். அதனால் வருவார்கள். வராமல் இருப்பதன் விலையை நண்பர்கள் உடனே வசூலித்துவிடுகிற இந்த ஏற்பாடு எந்த ஆண்டு அங்கத்துவத்தையும்விட நன்றாக வேலை செய்கிறது என்பது என் எண்ணம். புதியவர்கள் கவனிக்க வேண்டியது பந்தை. இறகுப் பந்து அழகாகப் பறக்கும், ஆனால் ஓரிரு ஆட்டத்தில் இறகு முறிந்துவிடும். பழகும்வரை நைலோன் பந்து போதும்.

இதே வகுத்தலைச் சாப்பாட்டிலும் போடலாம், அங்கே தடவைக்குப் பதில் கிராம். ஜிம்மில் சேர்ந்த இரண்டாம் கிழமையே யாராவது புரதத்தூள் டப்பாவைக் காட்டுவார்கள். ஒரு கரண்டியில் 24 கிராம் புரதம், முப்பது கரண்டி, விலை 24,000 என்று வைத்தால் கிராமுக்கு 33 ரூபா. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். நாற்பது ரூபா முட்டை என்றால் கிராமுக்கு ஏழு ரூபாவுக்கும் கீழே. உலர்ந்த மைசூர்ப் பருப்பில் நூறு கிராமுக்கு 24 கிராம் அளவு புரதம் உண்டு. கிலோ 300 ரூபா என்றால் கிராமுக்கு ஒன்றேகால் ரூபா. பருப்பில் உள்ள புரதத்தில் குறைவாக உள்ள கூறு சோற்றில் இருக்கிறது, சோற்றில் குறைவானது பருப்பில் இருக்கிறது. சோறும் பருப்பும் சேர்த்துத் தின்னச் சொல்லி நமக்கு யாரும் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. நெத்தலிக் கருவாட்டிலும் புரதம் நிறைய, உப்பும் நிறைய. நாளுக்கு ஐந்து கிராம் உப்புக்குக் கீழே நிற்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம் நம் கருவாட்டுக் குழம்பைப் பார்த்ததில்லை. அறுபது கிலோ எடையுள்ள, கடும் பயிற்சி செய்யாத ஒருவருக்கு நாளுக்கு 48 கிராம் அளவு புரதம் போதும். ஓடி, பாரம் தூக்குகிறவர்களுக்குக் கூடுதலாக வேண்டும். தூள் சாப்பாட்டு நேரம் கிடைக்காதவருக்கு வசதி, மற்றபடி அது விலை கூடிய பருப்பு.

கடைசியாக நோய்க்கான செலவு. "இன்று ஜிம்முக்குக் கொடுப்பது நாளை வைத்தியசாலைக்குக் கொடுப்பதை மிச்சப்படுத்தும்" என்று விளம்பரங்கள் சொல்லும். இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேல் இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் என்பது உண்மை. உடலுழைப்பு அவற்றில் பலவற்றின் ஆபத்தைக் குறைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஆபத்து குறைவது வேறு, ரசீதில் கழிவு வருவது வேறு. ஒழுங்காக ஓடியவருக்கும் இரத்த அழுத்தம் வரலாம். வராத நோய்க்கு யாரும் பில் எழுதுவதில்லை என்பதால் மிச்சம் எவ்வளவு என்று ஒருவருக்கும் காட்ட முடியாது. பயிற்சிச் செலவை முதலீடு என்று நினைத்துக் கணக்குப் பார்ப்பவர்கள் முதல் மூட்டு வலியிலேயே ஏமாந்து நிற்பார்கள். இன்றிரவு நல்ல தூக்கம் வருகிறதா, படியேறும்போது மூச்சு வாங்காமல் இருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு அந்த ஏமாற்றம் இல்லை.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமாக இருந்தும், தனியார் வைத்தியரைச் சனல் செய்வதற்கும் (பதிவு செய்து பார்ப்பதற்கும்), பரிசோதனைகளுக்கும் மருந்துக்கும் கொழும்புக் குடும்பங்கள் கையிலிருந்து நிறையவே கொடுக்கின்றன. அதில் "முழு உடல் பரிசோதனை" என்று தள்ளுபடியில் விற்கப்படும் பொதிகளும் அடங்கும். முப்பது சோதனைகள் இந்த விலைக்கா என்று வியந்து வாங்கிவிடுகிறோம். இங்கேயும் வகுத்துப் பாருங்கள், ஆனால் சோதனைகளின் எண்ணிக்கையால் அல்ல, முடிவைப் பார்த்து நீங்கள் ஏதாவது செய்யக்கூடிய சோதனைகளின் எண்ணிக்கையால். பெரும்பாலான வளர்ந்தவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியவை எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு. இவற்றைப் பார்ப்பதற்கென்று சுகாதார அமைச்சு 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களை அரசாங்க மருத்துவமனைகளில் நடத்திவருகிறது. அங்கே கட்டணம் இல்லை. வெறும் வயிற்றில் காலையிலேயே போக வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும், எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.